திங்கட்கிழமைத் துணி

ஆவி எனக்குப் புதிதல்ல.
திங்கட்கிழமை விடியுமுன்
ஹோல்ரிட்ஜ் மாளிகையின் பின்கட்டில்
செப்புக் கொப்பரையின் மூடியைத் தூக்கினால்
முகத்தில் வந்து அறையும்.
அதற்குப் பெயர் கிடையாது, பேச்சு கிடையாது.
சன்னல் கண்ணாடியில் ஏறிச்
சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும்.

முன்கட்டுக்கு வருகிற ஆவி வேறு.
அது வியாழன் இரவு எட்டரைக்கு வரும்,
லீட்ஸிலிருந்து ரயிலேறி வந்த
திருமதி ஸ்வைத்பேங்க்
மான்கறி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு
திரைக்குப் பின்னால் நாற்காலியில் கட்டுண்டு
கண்மூடிய பிறகு.

அந்த வியாழன் வட்டத்தில் ஒரு ஆள் குறைந்தது.
பாதிரியாரின் தங்கைக்குச் சளி.
"டாபிதாவைக் கூப்பிடு" என்றார் எஜமானி,
"கையை மட்டும் துடைத்துக்கொண்டு வரச் சொல்."

ஒரு பக்கம் என் கையைப் பிடித்தவர்
கம்பளி ஆலை முதலாளி அம்ப்ளர்.
சோடா அரித்த விரல்கள் பட்டதும்
பிடியைத் தளர்த்தி நுனியை மட்டும் வைத்துக்கொண்டார்.
மறுபக்கம் எஜமானி.
அவர் தளர்த்தவில்லை.

விளக்கைத் தணித்தார்கள்.
ஞானப்பாட்டில் இரண்டு சரணம்.
மேசைக்குள் ஏதோ தட்டியது.
"புதிதாக வந்தவளே,
அக்கரையில் உனக்கு யாரும் உண்டா?"
என்றது திரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

உண்டு. ஜேபஸ். என் தம்பி.
பதினொரு வயது.
அம்ப்ளரின் ஆலையில் பட்டை இழுத்துப் போனவன்.
"யாருமில்லை" என்றேன்.

திரை விலகியது.
வெள்ளையாய், வெளிச்சம் கசிய,
கால் தெரியாத நடையில்
எம்மலைன்.
பதினேழு வயதில் தொண்டை அடைப்பானில் போன
இந்த வீட்டு ஒரே பெண்.
யாரோ விம்மினார்கள்.
அம்ப்ளரின் விரல் வேர்த்தது.
வெளுத்ததெல்லாம் பால்தான், அந்த இருட்டில்.

எனக்கு முதலில் வந்தது வாசம்.
தீக்குச்சி வாசம்.
இரண்டு மாதமாகச் சலவைக் கூடையின் அடியில்
தலையணை உறைக்குள் சுருட்டி வருகிற
எட்டு கெஜ மஸ்லினின் வாசம்.
எண்ணெய்க் கறை போக மூன்று தண்ணீர்,
அப்புறம் நீலம், அப்புறம் கஞ்சி.
யாருடையது என்று கேட்டதில்லை.
கேட்கிறவளுக்கு இங்கே வேலை நிலைக்காது.

அது எங்கள் அருகே வந்து நின்றபோது
ஓரத்தைப் பார்த்தேன்.
வேலி முள்ளில் உலர்த்தப் போய்
ஒரு விரற்கடை கிழிந்த இடம்.
வெள்ளை நூல் தீர்ந்துவிட்டதால்
பழுப்பு நூலில் நான் போட்ட ஒன்பது தையல்
செத்தவர்கள் ஊர்வரை
போய்த் திரும்பியிருந்தது.

தொடக்கூடாது என்பது விதி.
எஜமானி தொட்டார்.
கடையில் துணி பார்ப்பவர்போல
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
அந்தத் தையலை வைத்து
முன்னும் பின்னும் நெருடினார்.
ஒன்பதையும் எண்ணியிருப்பார்.
அவருடைய மறு கைக்குள் என் கை
நசுங்கியது.
பிறகு விட்டது.

"சௌக்கியமா, எம்மி?"
"சௌக்கியம், அம்மா" என்றது மஸ்லின்,
மான்கறி மூச்சோடு.
"குளிரவில்லையே?"
"இல்லை, அம்மா."
"நல்லது" என்றார்.
அவ்வளவுதான் கேட்டார்.

அடுத்த திங்கள்
பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக
பின்கட்டுக்கு வந்தார்.
கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது.
எனக்கும் அவருக்கும் நடுவே ஒரே புகைமூட்டம்,
முகம் தெரியவில்லை.
கூடையைப் பார்த்தார். தலையணை உறையைப் பார்த்தார்.
வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்து
ஈரக் கையோடு நின்றேன்.

"கஞ்சியைக் கொஞ்சம் குறை, டாபிதா.
எம்மி ஒருநாளும்
அவ்வளவு விறைப்பாக நடந்ததில்லை."

கதவுவரை போனவர் திரும்பி வந்து
சோப்புப் பலகையின் மேல், ஈரம் படாத மூலையில்,
ஒரு நூற்கண்டை வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளை.